பாடத்திட்டத்தைச் சட்டம் போட்டு மாற்ற முடியுமா? நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் என்று சட்டம் வந்தால் நல்லதுதானே?

கேட்கிற விதத்தைப் பார்த்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

முடியும். மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கல்வி 1976லேயே போய்விட்டது, நாடாளுமன்றம் நினைத்தால் சட்டம் போடலாம். ஆனால் தமிழ்நாட்டில் ஒருமுறை போட்டார்களே, அப்போது நான் ஒரு உதவிபெறும் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதையைக் கேளுங்கள்.

2010ல் வந்தது சமச்சீர் கல்விச் சட்டம். அதுவரை ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு அடுப்பு, நான்கு சமையல். பத்தாம் வகுப்பில் எங்கள் பிள்ளைக்கு மொத்தம் 500 மதிப்பெண், மெட்ரிக் பிள்ளைக்கு 1100. இதற்காக அரசு அமைத்த முத்துக்குமரன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். நான் அன்றைக்கும் ஆதரித்தேன், இன்றைக்கும் ஆதரிக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த வகுப்புக்கு எந்த வருடம் என்பதையும் சட்டத்தின் 3ஆம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். 2010-11ல் ஒன்றும் ஆறும், 2011-12ல் மீதி வகுப்புகள் பத்து வரை. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. புத்தகம் தரமில்லை என்று புது அரசு சொன்னது, ஆனால் சட்டமாக இருப்பதை ஓர் அரசாணையால் நிறுத்த முடியாது. அதனால் ஜூனில் ஒரு திருத்தச் சட்டம், அதை எதிர்த்து வழக்கு.

பள்ளி ஜூன் 15 திறந்தது. புத்தகம் இல்லை. பழையதை நடத்துவதா, புதியதற்குக் காத்திருப்பதா, யாருக்கும் தெரியவில்லை. எச்.எம்மைக் கேட்டால் "பொதுவா ஏதாவது நடத்துங்க சார்" என்றார். பொதுவாக அறிவியல் என்று ஒன்று உண்டா? ஒன்பதாம் வகுப்பு இணைதிறனை மறுபடி நடத்தினேன், லென்ஸ் கதிர்ப்படம் வரையவிட்டேன், ஆய்வகத்தில் இருந்த அமிலத்தையும் காரத்தையும் தீரும்வரை கலந்து காட்டினேன். ஒரு பையன் புது நோட்டில் தேதி போட்டு, 'பாடம் 1' என்று எழுதி, தலைப்புக்கு இடம் விட்டு வைத்திருந்தான். தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பான். "சார், இப்ப எழுதலாமா?"

ஜூலை 18 உயர் நீதிமன்றம் திருத்தத்தை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9 உச்ச நீதிமன்றம், பத்து நாளுக்குள் புத்தகம் கொடு என்றது. வந்தது, அங்கங்கே ஸ்டிக்கர் ஒட்டி. முந்தைய ஆட்சியை ஞாபகப்படுத்தும் பகுதிகளை மறைத்திருந்தார்கள். எங்கள் பையன்கள் தலையில் இருந்த தேங்காய் எண்ணெயை விரலால் எடுத்து ஸ்டிக்கரில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்கள். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, அந்த வருடம் அவர்கள் அவ்வளவு ஆர்வமாகப் படித்த பக்கம் வேறு இல்லை.

சரி, சட்டம் இல்லாவிட்டால் நல்லதா என்று கேட்டால், இல்லை. வெறும் அரசாணையாக இருந்திருந்தால் மே மாதமே சமச்சீர் கதை முடிந்திருக்கும். சட்டமாக இருந்ததால்தான் தப்பித்தது. ஆனால் அதே பூட்டு எங்கள் பிள்ளைகளையும் ஏறக்குறைய இரண்டு மாதம் உள்ளே வைத்துப் பூட்டியது. பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைக்கு இரண்டு மாதம்!

2018ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் பாடநூலையே புதிதாக எழுதினார்கள். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும், எட்டாம் வகுப்பு வரைக்கும், பாடத்திட்டத்தை யார் வகுப்பது, எவற்றை மனத்தில் வைத்து வகுப்பது என்றுதான் சொல்கிறது. என்ன பாடம் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த அளவு சட்டம் போதும். தேதியையும் வகுப்பையும் சட்டத்துக்குள் எழுதினால் அடுத்த ஆட்சி கை வைக்கும் முதல் இடம் அதுதான். நாடு முழுக்க என்றால் எத்தனை ஆட்சி, எத்தனை வழக்கு, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவையும் படித்துப் பாருங்கள். ஆசிரியர்களைக் கல்வி அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாதாம். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் நீங்கலாக. 2011 பிப்ரவரியில், பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில், வீடு வீடாகப் போய்த் தலை எண்ணினேன். ஏப்ரலில் வாக்குச்சாவடியில் ராத்திரி பெஞ்சில் படுத்தேன். ஜூனில் புத்தகமில்லாத வகுப்பு. அந்த வருடம் ரிசல்ட் குறைந்ததற்கு விளக்கம் கேட்டு என்னிடம்தான் மெமோ கொடுத்தார்கள். பதிலில் இதையெல்லாம் எழுதினேன். "சுருக்கமா எழுதுங்க சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் எந்தக் கட்சி என்று கேட்க வருபவர்களுக்கு: சட்டம் போட்டவர்களையும் பாராட்டியிருக்கிறேன், திட்டியும் இருக்கிறேன். மறுபடி ஒருமுறை படியுங்கள்.