அம்பாசமுத்திரம்–திருநெல்வேலி தினசரி ஓட்டத்துக்கு மின்சார கார் சரிப்படுமா?

அண்ணாச்சி, தினமும் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி போய்வர மின்சார கார் எடுக்க ஆசை, வீட்டில் எல்லாரும் பெட்ரோலே எடு என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் தயக்கத்தில் நியாயம் உண்டு. பங்க் எல்லா ஊரிலும் இருக்கு, ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். மின்சார காருக்கு வாங்கும் விலை கூடுதல். பழைய வண்டியாக விற்கும்போது என்ன தேறும் என்ற பயமும் இருக்கு.

முதலில் உங்கள் வீட்டைப் பாருங்கள். கார் நிறுத்தும் இடத்தில் ஒழுங்கான எர்த்தோடு 16 ஆம்பியர் பிளக் இருந்தால் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். போய்வர 80 கிலோமீட்டர் என்றே வைப்போம், சின்ன காருக்கு 12 யூனிட் போல ஆகும். ராத்திரி தூங்கி எழுவதற்குள் ஏறிவிடும். சொந்த பிளக் கிடையாது, தெருவில்தான் நிறுத்தணும் என்றால் இப்போதைக்கு வேண்டாம். பொது சார்ஜரை மட்டும் நம்பி தினசரி ஓட்டுவது பெரிய கஷ்டம்.

எப்போதாவது மதுரை போகணும் என்றீர்களே, கம்பெனி சொல்லும் ரேஞ்சை, அதாவது ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரத்தை, அப்படியே நம்பாதீர்கள். அது சோதனைக்கூடக் கணக்கு. நான்குவழிச் சாலையில் ஏசி போட்டு 100-ல் போனால் நன்றாகவே குறையும். வழியில் வேகச் சார்ஜர் எங்கெங்கே வேலை செய்கிறது என்று கிளம்பும் முன்பே ஆப்பில் பாருங்கள்.

முப்பந்தல், கயத்தாறு காற்றாலைகள் சுற்றும் நம்ம பக்கத்தில் இந்த வண்டிகள் பெருகணும் என்று மனசார விரும்புகிறேன். பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர் என்பதை எழுத்தில் வாங்கி வீட்டில் காட்டுங்கள்.