வள்ளத்தில் மலசலகூடம்: தாங்கியை எதில் செய்வது?

கேள்வி: நெடுந்தீவுக்குச் சுற்றுலாக்காரரை ஏற்றிப்போக ஒரு பைபர் படகு எடுத்திருக்கிறேன். சின்னதாக ஒரு மலசலகூடம் வைத்து, கழிவு சேர 100 லீற்றர் தாங்கி போட யோசனை. பட்டறைக்காரர் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் காலத்துக்கும் நிற்கும் என்கிறார், மச்சான் அலுமினியம் மலிவு என்கிறார். எதைச் செய்ய?
- வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: இரண்டும் வேண்டாம். குடிதண்ணீருக்கென்றால் பட்டறைக்காரர் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஸ்ரெயின்லெஸ்ஸைக் காப்பாற்றுவது மேலே இருக்கிற மெல்லிய குரோமியம் ஒக்சைட் படலம். அது கீறுப்பட்டால் காற்றிலுள்ள ஒக்சிசனை எடுத்துத் தானே ஆறிவிடும். கழிவுத் தாங்கியின் அடியில் மண்டி படிந்து கிடக்கும், அங்கே காற்று எங்கே போகிறது? சிறுநீரிலும் கடல்தண்ணீரிலும் இருக்கிற உப்பு அந்த மண்டிக்குக் கீழே இருந்துகொண்டு அரிக்கத் தொடங்கும், முதலில் போவது வெல்டிங் போட்ட ஓரம்தான். வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஓரத்தில் குண்டூசித் தலையளவு மண்ணிறப் புள்ளி ஒன்று தெரியும், துடைத்தால் போகும், கொஞ்ச நாளில் திரும்ப வரும், கூடவே நாற்றமும் வரும். உப்பைக் கூடத் தாங்குகிற 316 தர ஸ்ரெயின்லெஸ் போட்டாலும் கொஞ்சம் பிந்துமே தவிர வராமல் விடாது. அலுமினியம் இதைவிட மோசம். சிறுநீர் பழசாக அமோனியா ஆகி, அலுமினியத்தின் காப்புப் படலத்தையே கரைத்துவிடும்.

பொலித்தீன் தாங்கி போடுங்கள். ஒட்டு இல்லாமல் ஒரே வார்ப்பாக வந்ததாக, சுவர் கிட்டத்தட்ட 10 மில்லிமீற்றர் தடிப்பில் இருக்க வேண்டும், மெல்லிய சுவரென்றால் நாற்றம் மெல்ல மெல்ல வெளியே கசியும். பொலித்தீனில் பசை பிடிக்காது, அதனால் குழாய் மூட்டுகளைச் சூட்டில் உருக்கி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். வாய்கள் எல்லாம் மேல்பக்கம் இருக்கட்டும், உறிஞ்சுகிற குழாயையும் மேலாலே இறக்கி அடிவரை விடலாம். அப்புறம், 100 லீற்றர் நிரம்பினால் 100 கிலோவுக்கு மேல், நடுவில் பதிவாக வைத்து இறுக்கிக் கட்டுங்கள்.

படகின் வளைவுக்கேற்ப பைபரில் செய்யலாம்தான், ஆனால் பைபரை இறுக்க வழக்கமாகப் பூசுகிற பொலியஸ்ரர் ரெசின் சரிவராது, வினைல் எஸ்ரர் அல்லது எபொக்சி ரெசின் வேண்டும். படகின் உடம்பையே தாங்கியின் சுவராக்கவும் கூடாது.

பலபேர் கவனிக்காத விஷயம் காற்றுக்குழாய். அரை அங்குலக் குழாயை வளைத்து நெளித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு, தாங்கி நாறுகிறது என்பார்கள். ஒன்று அல்லது ஒன்றரை அங்குலத்தில், கட்டையாக, நேராக விடுங்கள். காற்றுப் பட்டால் ஒரு வகைக் கிருமி வேலை செய்யும், மணம் அவ்வளவாக இராது. காற்று இல்லாவிட்டால் வேறு வகை வளர்ந்து அழுகின முட்டை நாற்றத்தைக் கிளப்பும். கடல்தண்ணீரில் சல்பேற் இருப்பதால் அதில் கழுவினால் அந்த நாற்றம் இன்னும் கூடும். தீவுப்பக்கம் நல்ல தண்ணீருக்கு இருக்கிற பாடு தெரியும், கடைசிக் கழுவலையாவது நல்ல தண்ணீரில் செய்யுங்கள்.

கேள்வி: வீட்டுக் கூரையில் வைக்கிற கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று சும்மா கிடக்கிறது, அதுவும் பொலித்தீன்தானே, போடலாமா?
- வாசகர், குருநகர்

பதில்: பொலித்தீன்தான், ஆனால் அது அசையாமல் நிற்கிற இடத்துக்குச் செய்தது. மூடி காற்றுப் புகாமல் இறுகாது, அலையில் ஆடினால் உள்ளே இருப்பது மூடிவழியே தெறிக்கும். தோட்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நிரம்பினால் கடலில் திறந்துவிட்டால் என்ன?
- வாசகர், வேலணை

பதில்: பெரிய கப்பல்களுக்கான சர்வதேச விதியே சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம் என்கிறது. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் அப்படி ஓர் இடமே இல்லை, ஆழமும் இல்லை, அதே தண்ணீரில்தான் நண்டும் இறாலும் பிடிக்கிறோம். கரையில் மலக்கழிவு உறிஞ்சும் பவுசரைக் கூப்பிடுங்கள். அவர்களுடைய குழாய் படகில் வழக்கமாகப் போடுகிற குழாய் மூட்டைவிடப் பெரிது, கழிவை உறிஞ்சி எடுக்கிற வாயைப் படகின் மேல்தளத்தில் வைக்க முதலே அளவைக் கேட்டு, அதற்கேற்ற மூட்டு ஒன்று செய்து வையுங்கள்.