தண்டு வெட்டும் இயந்திரம்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

சோளம், இறுங்கு, சிஓ-3 என்ற மாட்டுத்தீவனப் புல் போன்றவற்றை அடியில் வெட்டுகிற, பின்னால் நடந்து தள்ளுகிற ஒற்றை வரிசை இயந்திரம் பற்றி வந்த கேள்விகள் இவை. வடிவம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: 40 சென்ரிமீற்றர் விட்டமும் 4 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள இரும்புத் தட்டு, அதன் விளிம்புக்கு வெளியே 5 சென்ரிமீற்றர் நீட்டி நிற்கும் இரண்டு கத்திகள்.

கிளிநொச்சி, அறிவியல்நகர்: அண்ணா, எங்களிட்ட 5.5 குதிரைவலு பெற்றோல் எஞ்சின் இருக்கு. 8 வேணும் எண்டு குழுவில சிலர் நிக்கினம். எது சரி?

5.5 தாராளம், தம்பி. கணக்கைப் பாருங்கோ. ஒரு தண்டை வெட்ட 20 ஜூல் போகுது எண்டு வையுங்கோ. 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்ட சோள வரிசையில் செக்கனுக்கு 0.7 மீற்றர் நடந்தால் செக்கனுக்கு இரண்டு மூன்று தண்டுதான் வரும். அதுக்கு 50 வாற்று காணும். உங்கட எஞ்சினோ 4000 வாற்றுக்கு மேல். மிச்சம் காற்றைக் கலக்கவும், பெல்ற்றிலும், வெட்டினதை எறியவும் போகும். இன்னொன்று: நிமிடத்துக்கு 1500 சுற்றில் அந்தத் தட்டு மட்டுமே 1000 ஜூல் அளவில் சேமிச்சு வைச்சிருக்கும். ஒரு தண்டு அதில் 2 வீதத்தைத்தான் எடுக்கும். எஞ்சின் திணறினால் முதலில் கத்தி முனையையும் பெல்ற் இழுவையையும் பாருங்கோ. பெரிய எஞ்சின் பாரத்தையும் அதிர்வையும்தான் கூட்டும்.

திருநெல்வேலி: அந்த 20 ஜூலை நாங்களே எப்படி அளக்கலாம்?

நல்ல கேள்வி, தங்கச்சி. இதைச் செய்யாமல் எஞ்சினைத் தெரிவுசெய்யக்கூடாது. 1 மீற்றர் நீளமான இலேசான கைக்கு நுனியில் 5 கிலோ பாரமும் உங்கட கத்தியும் பூட்டி ஊசலாக்குங்கோ. தண்டின் அடியை வைஸில் (பட்டறை இடுக்கியில்) இறுக்குங்கோ. முதலில் தண்டில்லாமல் கிடைமட்டத்திலிருந்து விட்டு, மற்றப்பக்கம் நேர்கீழிலிருந்து எத்தனை பாகைக்கு ஏறுது எண்டு குறியுங்கோ. பிறகு தண்டோடு விடுங்கோ. வெறுமனே 85 பாகைக்கும், வெட்டினபின் 60 பாகைக்கும் ஏறினால் உயர வித்தியாசம் 0.41 மீற்றர். அதை 5 ஆலும் 9.81 ஆலும் பெருக்க 20 ஜூல். குறைஞ்சது 20 தண்டாவது வெட்டிப் பாருங்கோ. தண்டு அண்டைக்கே தோட்டத்தில் எடுத்ததாக இருக்கவேணும். வாடினது வேறு கணக்குச் சொல்லும். ஊசலின் வேகம் செக்கனுக்கு 4.4 மீற்றர்தான், சுழலும் கத்தியை விட மிகக் குறைவு. அதனால் கத்திகளை ஒப்பிடவும் பருமட்டான அளவுக்கும் மட்டும் பாவியுங்கோ.

சுன்னாகம்: எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்று. தட்டை அதில் நேரடியாகப் பூட்டலாமோ?

வேண்டாம். எஞ்சினில் 3 அங்குலப் புல்லி (பெல்ற் ஓடும் சில்லு), தட்டின் சாஃப்ற்றில் (சுழலும் அச்சில்) 7 அங்குலப் புல்லி போட்டால் 1540 சுற்று வரும். கத்தி நுனி செக்கனுக்கு 40 மீற்றர். சோளத்துக்கு அது போதும்.

கோப்பாய்: லொறி வில்லுத்தகட்டில் கத்தி செய்தம். ஒன்று கல்லில் பட்டு உடைஞ்சிட்டுது.

இரண்டு காரணம் இருக்கலாம். சூடாக்கி எண்ணெயில் தோய்ச்சதோடு விட்டிருப்பியள். அப்படி விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். காந்தம் ஒட்டாத சூட்டைக் கொஞ்சம் தாண்டி எண்ணெயில் தோய்ச்சு, பிறகு 400 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் வைச்சு ஆறவிடவேணும். அல்லது வெல்டிங் பண்ணியிருப்பியள். வில்லுத்தகட்டில் வெல்டிங் ஓரமே வெடிக்கும், போல்ற்தான் போடவேணும். முனைக் கோணம் 30 பாகை வையுங்கோ. அதைவிட மெல்லிசு வலிகாமத்துச் செம்மண்ணுக்கு நிற்காது, சுண்ணக்கல் மேலேயே கிடக்கு.

கத்தியை இறுக்கிக் கட்டாமல் ஒரே போல்ற்றில் ஆடவிடுங்கோ. கல்லில் பட்டால் மடங்கிப் பின்வாங்கும். 250 கிராம் கத்தி 1500 சுற்றில் அந்தப் போல்ற்றை 125 கிலோ பாரம் மாதிரி இழுக்கும். எனவே தலையில் உறுதியைக் காட்டும் 8.8 குறியுள்ள 10 மில்லிமீற்றர் போல்ற்றும் நைலோன் பூட்டு நட்டும் போடுங்கோ. குறியில்லாத போல்ற்றை நான் ஒருக்காலும் ஒத்துக்கொள்ளமாட்டன்.

மானிப்பாய்: கைபிடி நடுங்குது.

இரண்டு கத்தியையும் நிறுங்கோ. 5 கிராம் வித்தியாசமே 2.5 கிலோ இழுவையாகிச் செக்கனுக்கு 25 தரம் உலுக்கும். 2 கிராமுக்குள் கொண்டுவாங்கோ.

உரும்பிராய்: வெட்டின தண்டு தட்டிலேயே விழுந்து சுற்றுது, கொடியும் சாஃப்ற்றில் சுத்துது.

நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றர் உயரத்தில் முன்னுக்கு ஒரு சாய்வான கம்பி வையுங்கோ. வெட்டுப்பட முன்னமே தண்டு ஒரு பக்கம் சாயும். சாஃப்ற்றை அசையாத குழாயால் மூடி, தட்டுக்கும் குழாய்க்கும் 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி விடாதேயுங்கோ.

நீர்வேலி: இதையே மிளகாய், புகையிலைக் கட்டைக்கும் பாவிக்கலாமோ?

வெட்டும். ஆனால் அடிக்கட்டை துளிர்த்தால் இலைச்சுருள் நோயும் வெள்ளை ஈயும் அதில் தங்கி அடுத்த போகத்துக்கு வரும். அந்தப் பயிர்களுக்கு வேரோடு பிடுங்குகிற கருவியை யோசியுங்கோ.

கொக்குவில்: முதல் ஓட்டம் எப்படிச் செய்யிறது?

3 மில்லிமீற்றர் தகட்டில் உறை, முன்னுக்குப் பழைய ரயர் றப்பர் மறைப்பு, கை விட்டால் எஞ்சின் நிற்கிற பிடி. மூன்றும் இல்லாமல் ஓட்டாதேயுங்கோ. முதல் ஓட்டம் மண்மூட்டைக்கு நடுவில், தண்டில்லாமல், 10 நிமிடம். கத்தி சுழலும் மட்டத்துக்கு நேரே ஒருத்தரும் நிற்கக்கூடாது. எஞ்சின் நின்றபிறகும் தட்டு சுற்றிக்கொண்டிருக்கும். அது முழுக்க நின்று, பிளக் வயரைக் கழற்றினபிறகே உறையைத் திறந்து போல்ற் ஓட்டையை அளந்து பாருங்கோ. ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் தட்டை மாற்றவேணும்.