டீச்சரிடம் கேளுங்கள்: ஞாயிறு ஆராதனைக்கு எப்போது ஆயத்தமாவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆராதனைப் பாட்டுகளைப் பற்றியவை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இதை மட்டும் பேசுவோம்.

கேள்வி: டீச்சர், எங்கள் சபையின் பாடகர் குழுவை இப்போது நான்தான் நடத்துகிறேன். ஞாயிறு காலை முதல் மணி அடித்த பிறகுதான் பாட்டு எண்கள் எழுதிய துண்டுச்சீட்டு கைக்கு வருகிறது. தெரிந்த பாட்டு என்றால் சமாளித்துவிடுவோம். தெரியாத பாட்டு என்றால் ஹார்மோனியம் மட்டும்தான் பாடும். நாங்கள் எப்படி ஆயத்தப்படுவது?
— ஒரு வாசகி, சாயர்புரம்

பதில்: மகளே, முதலில் உங்கள் குருவானவரை, அதாவது சபையின் ஐயரை, போய்ப் பாருங்கள். குறை சொல்லப் போகாதீர்கள், வேலை கேட்டுப் போங்கள். ஒரு சேகரத்தில் பல ஊர்ச் சபைகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே ஓடவேண்டும். "ஐயா, புதன்கிழமைக்குள் பாட்டுப் பட்டியல் ஒன்று எழுதித் தருகிறேன், நீங்கள் பார்த்துத் திருத்திக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லும் ஐயர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

பட்டியல் எழுத உட்காரும்போது பாட்டுப் புத்தகத்தை முதலில் திறக்காதீர்கள். அந்தந்த ஞாயிறுக்குரிய பொருளும் வேதபாடங்களும் அல்மனாக்கில், அதாவது சபை நாட்காட்டியில், அச்சிட்டிருக்கும். அந்தப் பாடங்களை வாய்விட்டு வாசியுங்கள். பாட்டு அதற்கு அப்புறம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். சுவிசேஷப் பாடமாக லூக்கா 15-ஆம் அதிகாரம் வருகிறது என்று வையுங்கள். காணாமற்போன ஆடு, காணாமற்போன வெள்ளிக்காசு, வீட்டை விட்டுப் போன இளைய குமாரன். இந்த ஞாயிறு வந்தாலே நம் சபைகளில் ஆரம்பம் முதல் முடிவு வரை மனந்திரும்புதல் பாட்டுகளாகப் போட்டுவிடுகிறோம். எல்லாம் மெதுவான பாட்டு, எல்லாம் கண்ணீர்ப் பாட்டு. ஆனால் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆடு கிடைத்ததும் சிநேகிதரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறார்கள். காசு கிடைத்ததும் அயல்வீட்டுப் பெண்களைக் கூப்பிடுகிறார்கள். மகன் வந்ததும் விருந்து. வயலிலிருந்து வந்த மூத்த குமாரன் காதில் முதலில் விழுவதே வீட்டுக்குள்ளிருந்து வரும் கீதவாத்தியம்தான். அந்த வீட்டில் அன்றைக்குப் பாட்டு இருந்தது, அதைக் கேட்டு ஒருவன் உள்ளே வர மனமில்லாமல் வாசலில் நின்றான். இது மனதில் பட்டுவிட்டால் பட்டியல் தானாக வரும். ஆரம்பப் பாட்டு துதியாக இருக்கட்டும். பாவ அறிக்கையை ஒட்டி இளைய குமாரனின் பாட்டு ஒன்று, அது மெதுவாகவே போகட்டும். பிரசங்கத்துக்குப் பின் வருவது சபை முழுக்க எழுந்து நின்று பாடுகிற மகிழ்ச்சிப் பாட்டாக இருக்கவேண்டும். முடிவுப் பாட்டு, பிறரை உள்ளே அழைக்கிற பாட்டு. ஐயர் மூத்த குமாரனைப் பற்றிப் பிரசங்கிக்கப்போகிறாரா என்று மட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். அதைப் பொறுத்துக் கடைசி இரண்டு பாட்டுகள் மாறும்.

வெள்ளிக்கிழமை மாலை பயிற்சி. அன்றைக்கே ஆலயத்துப் பலகையில் எண்களை மாட்டிவிடுங்கள், சபையின் வாட்ஸாப் குழுவிலும் போட்டுவிடுங்கள். பாடகர் குழு மட்டும் ஆயத்தமாகிச் சபை ஆயத்தமில்லாமல் வந்தால் ஆராதனை கச்சேரி ஆகிவிடும். புதுப் பாட்டு என்றால் மாதத்துக்கு ஒன்று போதும். முதல் வாரம் காணிக்கை எடுக்கும்போது குழு மட்டும் பாடட்டும். மறுவாரம் ஆராதனைக்கு முன் சபைக்குச் சொல்லிக்கொடுங்கள். அதற்கடுத்த வாரம் எல்லோரும் பாடலாம்.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். பாமாலை என்னும் ஞானப்பாட்டுப் புத்தகத்தில், பாட்டின் தலைப்பில் 8.7.8.7 என்பதுபோல எண்கள் இருக்கும். ஒவ்வொரு அடியிலும் எத்தனை அசை என்பதற்கான கணக்கு அது. ராகம் தெரியாத பாட்டு வந்துவிட்டால், அதே கணக்குள்ள தெரிந்த ராகத்தில் பாடிவிடலாம். ஆனால் ஒரு சரணத்தை முழுக்கப் பாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கணக்குச் சரியாக இருந்தும் அழுத்தம் தவறான எழுத்தில் விழுந்தால் குறிலெல்லாம் நெடிலாக இழுபடும், வார்த்தை சிதைந்துபோகும். கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றிய பாட்டைத் துள்ளல் ராகத்தில் போடுவதும் கூடாது.

கேள்வி: மேல் ஸ்தாயி வரும்போது பின்வரிசைப் பெண்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். ஆண்களும் முனகத்தான் செய்கிறார்கள். பயிற்சி போதவில்லையா?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: சபைமேல் குறை இல்லை. சுருதியை ஒரு கட்டை இறக்குங்கள், போதாவிட்டால் இன்னும் அரைக் கட்டை. பாடகர் குழுவில் நன்றாகப் பாடுகிறவருக்கு எது சுகம் என்று பார்த்துச் சுருதி வைக்கிறோம். அறுபது வயதுப் பெரியம்மா காலை ஆராதனையில், தொண்டை இன்னும் திறக்காத நேரத்தில் பாடவேண்டும் என்பதை நினைத்து வைக்கவேண்டும். கீபோர்டில் இதற்கு ஒரு பொத்தான் அழுத்தினால் போதும்.

கேள்வி: சனிக்கிழமை என்றாலே எனக்கு வேலை தலைக்குமேல். இரண்டு சின்னப் பிள்ளைகள். ஞாயிறு காலை அடித்துப் பிடித்து ஆலயத்துக்குப் போய் உட்கார்ந்தால் மனது ஒரு நிலைக்கு வருவதற்குள் பிரசங்கமே முடிந்துவிடுகிறது. வீட்டிலிருந்தே ஆயத்தப்பட வழி சொல்லுங்கள் டீச்சர்.
— ஒரு வாசகி, நாசரேத்

பதில்: உங்கள் சனிக்கிழமை எனக்கு நன்றாகத் தெரியும். எண்ணெய்க் குளியல், வெள்ளை உடுப்பு இஸ்திரி, மறுநாள் குழம்புக்கு மசாலா அரைப்பது. இந்த வேலைகளுக்கு நடுவேதான் ஆயத்தமும் நடக்கவேண்டும், தனியாக ஒரு மணிநேரம் உங்களுக்கு யாரும் தரப்போவதில்லை.

எங்கள் வீட்டில் அம்மா செய்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை இராத்திரி குடும்ப ஜெபத்துக்கு முன் பாட்டுப் புத்தகத்தை எங்கள் கையில் கொடுத்து, மறுநாள் எண்களைச் சொல்வார்கள். பழைய காலண்டர் தாளைக் கிழித்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, அந்தந்தப் பக்கத்தில் நாங்கள் செருகவேண்டும். ஆரம்பப் பாட்டுக்குரிய துண்டு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், அடுத்தது கொஞ்சம் உள்ளே, அதற்கடுத்தது இன்னும் உள்ளே. ஆலயத்தில் ஐயர் எண்ணைச் சொல்லும்போது நாங்கள் பக்கம் புரட்டவே மாட்டோம். துண்டைச் செருகும்போது அந்தப் பாட்டின் முதல் சரணத்தை வாசிக்கவேண்டும் என்பது கட்டளை. பாடக்கூடாது, வாசிக்கவேண்டும். வாசித்ததும் அம்மா கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "இது ஆண்டவர்கிட்ட சொல்றதா, நமக்கு நாமே சொல்றதா, பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட சொல்றதா?" பேசி முடிக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் மறுநாள் அந்தப் பாட்டு வரும்போது நான் யாரிடம் பேசுகிறேன் என்பது எனக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் பிள்ளைகளுக்கும் இந்த வேலையைக் கொடுங்கள். செல்போனில் பாட்டு பார்க்கிற வீடாக இருந்தாலும் இதற்கு மட்டும் புத்தகத்தை எடுங்கள். உங்களுக்கு வாசிக்க நேரமே கிடைக்காத சனிக்கிழமைகளில், 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களில் ஒன்றைப் பெரிய பிள்ளை வாசிக்க, நீங்கள் மசாலா அரைத்துக்கொண்டே கேளுங்கள். மிக்ஸியை மட்டும் அந்தக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுங்கள். எருசலேமுக்குப் பண்டிகைக்குப் போனவர்கள் வழி நடந்துகொண்டே பாடியவை அவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அநேகமாக எல்லாமே குறுகியவை. அவர்களும் பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டுதான் போயிருப்பார்கள்.

கேள்வி: பழைய கீர்த்தனைகள் இன்றைய பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. "சத்தாய் நிஷ்களமாய்" என்று பாடினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். புதிய பாடல்களே போதாதா?
— ஓர் இளைஞர், சென்னை

பதில்: தம்பி, புதிய பாடல்கள் வேண்டும், நானும் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் புரியவில்லை என்பதற்காக ஒரு பாட்டை விடுவதைவிட, புரியவைத்துவிட்டுப் பாடுவது நல்லது.

நீங்கள் சொன்ன பாட்டையே எடுத்துக்கொள்வோம். எழுதியவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 1827-இல் பிறந்தவர். வைணவக் குடும்பம், கம்பனில் ஆழ்ந்த படிப்பு. சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். "சத்தாய் நிஷ்களமாய் ஒரு சாமியமும் இலதாய்" என்றால், என்றும் உள்ளவராய், உருவமற்றவராய், ஒப்பிட எதுவும் இல்லாதவராய் என்று பொருள். அடுத்த அடியில் சித்தும் (அறிவும்) ஆனந்தமும் வந்து, அது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தில் போய் முடிகிறது. தான் பிறந்து வளர்ந்த பக்தி மொழியில் இருந்த உயர்ந்த சொற்களையெல்லாம் எடுத்து ஆண்டவருக்கு முன் வைத்திருக்கிறார். அப்படி எட்டாத உயரத்தில் தொடங்கிய பாட்டு, உம்மை அல்லாமல் எனக்கு யார் துணை, யார் உறவு என்ற சாதாரணக் கேள்வியில் வந்து நிற்கிறது. எந்த வாலிபனுக்கு அந்தக் கேள்வி புரியாது? திரித்துவ ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை வாலிபர் கூடுகையில் இதைச் சொல்லிவிட்டு, மறுநாள் பாடவையுங்கள். அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

இந்தப் பாட்டுகள் நமக்கு வந்த வழியும் சிறியதல்ல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களில் ஏராளமாய்ப் பாடி வைத்தார். அமெரிக்கன் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் கீர்த்தனைகளைத் திரட்டி 1853-இல் அச்சிட்டார். அதுவரை ஜெர்மன் ராகங்களில் வந்த ஞானப்பாட்டுகளையே அதிகமாய்ப் பாடிவந்த சபைகளுக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் ஊர்ப் பாட்டு கிடைத்தது. இரண்டையும் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதாக உங்கள் தலைமுறைப் பாட்டும் சேரட்டும். ஒன்றுக்காக ஒன்றை வெளியே அனுப்பவேண்டாம்.

கேள்வி: பாடகர் குழுவில் ஒருவரோடு எனக்கு மனஸ்தாபம். பக்கத்தில் நின்று பாடுகிறேன், மனது பாடவில்லை.
— பெயர் வேண்டாம் என்றவர், மதுரை

பதில்: மத்தேயு 5-ஆம் அதிகாரம் 23, 24 வசனங்களை நீங்கள் அறிவீர்கள். காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொன்னவர், பாட்டுக்கு விதிவிலக்குத் தரவில்லை. நற்கருணைக்கு முந்தின நாள் மாலை ஆயத்த ஆராதனை வைக்கும் சபை உங்களுடையது என்றால், அதற்கு அவரையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு அரைமணி முன்னால் அவர் வீட்டுக்குப் போய், சேர்ந்து நடந்து வாருங்கள். யார் சரி என்பதை அன்றைக்குப் பேசவேண்டாம்.

கேள்வி: நேரம் போதவில்லை என்று சரணங்களை விட்டுவிட்டுப் பாடலாமா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: விடலாம், பார்த்து விடவேண்டும். முதல் சரணம் பிதாவுக்கு, இரண்டாவது குமாரனுக்கு, மூன்றாவது பரிசுத்த ஆவிக்கு என்று அமைந்த பாட்டில் மூன்றாவதை விட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. சிலுவையில் தொடங்கி உயிர்த்தெழுதலில் முடிகிற பாட்டைப் பாதியில் நிறுத்தினால், சபையைக் கல்லறையில் விட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறோம். சில பாட்டுகளில் ஒரு சரணத்தின் வாக்கியம் அடுத்த சரணத்தில்தான் முடியும். நேரம் குறைவென்றால் ஒரு பாட்டையே குறைத்துக்கொள்ளுங்கள். இருப்பவற்றை முழுதாகப் பாடுங்கள். விட்டே ஆகவேண்டுமென்றால், எந்தெந்தச் சரணம் என்பதை எண்ணோடு சேர்த்துப் பலகையிலேயே எழுதிவிடுங்கள், ஹார்மோனியம் வாசிப்பவருக்கும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.