பீப்பாயில் ஊறிய பழைய ரம்: ருசித்து எடைபோடுவது எப்படி?

கேள்வி: சார், எதுவும் கலக்காமல் குடிக்க எந்த கிளாஸ்?

பதில்: வயிறு அகன்று வாய் குறுகிய துலிப் கிளாஸ். 25 மில்லி போதும். ஐஸ் போட்டால் மணம் எழாது. ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஒயின் போலச் சுழற்றினால் ஆல்கஹால் ஆவி கிளம்பி மூக்கு மரத்துப்போகும். கிளாசை முகவாயருகே பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடி மெல்ல உயர்த்துங்கள். முதல் மிடறு நாக்கைப் பழக்கத்தான். அதை வைத்துத் தீர்ப்பு வேண்டாம். இரண்டாவதைப் பத்து வினாடி வாயில் புரட்டி விழுங்குங்கள்.

கேள்வி: லேபிளில் 23 என்றால் 23 வருடமா?

பதில்: எப்போதும் இல்லை. குவாத்தமாலாவின் ஜகாபா 23, 6 முதல் 23 வயது வரையிலான ரம்களின் கலவை. ஜமைக்காவின் ஆப்பிள்டன் 12-இல் இருப்பதிலேயே இளையதற்கு 12 வயது. நிறத்தையும் நம்பாதீர்கள், கேரமல் சேர்த்தே கருப்பாக்கலாம்.

கேள்வி: அண்ணா, நான் வாங்கியது பாகு மாதிரி இனிக்குது. நல்லா ஊறியதாலா?

பதில்: இல்லை. காய்ச்சி வடித்ததில் சர்க்கரை இருக்காது. ஓக் பீப்பாய் வனிலா மணம் தரும், இனிப்பது போலத் தோன்றும். ஆனால் உதடு ஒட்டாது. ஒட்டினால் பிறகு சேர்த்த சர்க்கரை. ஐரோப்பிய ஒன்றியத்திலேயே லிட்டருக்கு 20 கிராம் வரை அனுமதி உண்டு. வீட்டிலேயே பார்க்கலாம்: 20 டிகிரி செல்சியஸில் ஆல்கஹால் மானியை மிதக்கவிடுங்கள். லேபிளில் 40 சதவீதம் போட்டிருக்க, மானி 35 காட்டினால் ஏறக்குறைய அந்த 20 கிராம் உள்ளே இருக்கிறது. சர்க்கரை கரைசலின் அடர்த்தியைக் கூட்டுவதால் மானி குறைத்துக் காட்டும். இளம் ரம்மின் காரத்தையும் மரக் கசப்பையும் இனிப்பு மூடிவிடும், அதனால்தான் நான் மதிப்பெண் குறைப்பேன். சர்க்கரை சேர்க்காத பார்படோஸ் ஃபோர்ஸ்கொயரைப் பக்கத்தில் வைத்து ருசித்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி: ஜமைக்கா ரம்மில் நெயில் பாலிஷ் வாடை. கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, அது எஸ்டர் என்ற மணம் தரும் வேதிப்பொருள். ஹாம்ப்டன் போன்ற ஜமைக்கா வடிசாலைகளில் நெடுநாள் நொதிக்கவிடுவதால் வருவது. கால் மணி நேரம் காத்திருங்கள். அன்னாசியும் கனிந்த வாழைப்பழமும் எழுந்தால் நல்ல ரம். கடைசிவரை நெயில் பாலிஷ் மட்டுமே என்றால் சமநிலை இல்லை.

கேள்வி: 60 சதவீத ரம் தொண்டையை எரிக்கிறதே?

பதில்: தண்ணீர் சேர்ப்பதில் தவறில்லை. 25 மில்லிக்கு 8 மில்லி சேர்த்தால் சுமார் 45-க்கு இறங்கும். இரண்டிரண்டு மில்லியாக விட்டு, ஒவ்வொரு தடவையும் முகருங்கள். லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம், குளிரவைத்து வடிகட்டாத ரம்மில் அது இயல்பு.

கேள்வி: ஊறியதுதான் என்று எதை வைத்து உறுதி செய்வது?

பதில்: குடித்த கிளாசைக் கழுவாதீர்கள். மறுநாள் காலை காய்ந்த கிளாசை முகருங்கள். மரம், தோல், புகையிலை மணம் தங்கியிருந்தால் பீப்பாய் வேலை செய்திருக்கிறது.