எல்லா இசையும் பிடிக்கும், வீட்டில் ஒலிக்கும் பாட்டைத் தவிர

அன்புள்ள மேடம்,

எனக்கு 44 வயது. ஜாஸ், ப்ளூஸ், ரெகே, கஜல், கர்நாடக இசை, மெட்டல் என்று எதையும் ஒதுக்க மாட்டேன். ராப் வெறும் கத்தல் என்று யாராவது சொன்னால், 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஹிப்ஹாப் எப்படிப் பிறந்தது என்று ஆரம்பித்துவிடுவேன். எந்த இசையையும் மட்டமாகப் பேசக் கூடாது என்பது என் கொள்கை.

என் மனைவிக்கு இதிலெல்லாம் துளியும் ஆர்வமில்லை. பள்ளியில் படித்தபோது கேட்ட சினிமாப் பாட்டுகள் கொஞ்சம், திரும்பத் திரும்ப அவைதான். நல்ல ஜாஸ் ஆல்பம் போட்டு, ட்ரம்பெட் எங்கே உள்ளே வருகிறது பார் என்று விளக்கினால் பாதியில் எழுந்து போய்விடுகிறாள். கஜலும் போட்டுப் பார்த்தேன், அதே கதைதான். "உன் பாட்டெல்லாம் ஒரே டெம்ப்ளேட், ஒன்று கேட்டால் போதும்" என்றால் முகம் சுருங்குகிறது. நண்பர்கள் வந்து இசை பற்றிப் பேசினாலும் உள்ளேயே இருக்கிறாள். முன்பு வேலை செய்துகொண்டே பாடுவாள், சுருதி விலகும்போது திருத்துவேன். இப்போது நான் வீட்டில் இருந்தால் பாடுவதில்லை, அது வேறு விஷயம். உலகத்தில் இவ்வளவு இசை இருக்க, அதே பழைய பாட்டுகளையே கேட்டுக்கொண்டிருப்பது என்ன நியாயம்? திறந்த மனதோடு கேட்க அவளை எப்படிப் பழக்குவது?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

"அது வேறு விஷயம்" என்று தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் விஷயம். பாடிக்கொண்டிருந்த ஒருவர் உங்கள் முன்னால் பாடுவதை விட்டுவிட்டார். அது உங்களையும் உறுத்துகிறது, இல்லாவிட்டால் கடிதத்தில் வந்திருக்காது.

அவருடைய ரசனையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பதின்வயதில் கேட்ட பாட்டுகள் கடைசிவரை ஒட்டிக்கொள்வது அநேகமாக எல்லோருக்கும் நடப்பதுதான். திரும்பத் திரும்பக் கேட்பதும் குறையல்ல. அடிக்கடி எதிர்ப்படுவதன் மேல் நமக்குப் பிடிப்பு கூடும் என்று 1968இலேயே உளவியலாளர் ராபர்ட் ஜயான்ஸ் சோதனைகளோடு எழுதினார். உங்களுக்கு ஜாஸ் பிடித்துப்போனதிலும் அதற்குப் பங்கு இருந்திருக்கும்.

அப்புறம் அந்த டெம்ப்ளேட் பேச்சு. நீங்கள் மதிக்கும் ப்ளூஸில் எத்தனையோ பாட்டுகள் அதே பன்னிரண்டு பார் என்ற தாள அளவு, அதே மூன்று கார்டு, அதாவது ஸ்வரக் கூட்டுகள். அங்கே அதை மரபு என்கிறீர்கள், மனைவியின் பாட்டில் மட்டும் டெம்ப்ளேட். 1965இல் அமெரிக்காவின் புலிட்சர் இசைப் பரிசுக்கான நடுவர்கள், ஜாஸ் மேதை ட்யூக் எலிங்டனுக்குச் சிறப்பு விருது தரலாம் என்று பரிந்துரைத்தார்கள். பரிசை முடிவு செய்யும் வாரியம் மறுத்துவிட்டது. 2018இல் அதே பரிசு கென்ட்ரிக் லமாரின் ராப் ஆல்பத்துக்குப் போனது. அந்தப் பழைய வாரியத்தின் மேல் உங்களுக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் அந்த வாரியம் நீங்கள்தான்.

கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன். எங்கோ இருக்கிற கலைஞர்களை மதிப்பதில் உங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. அவர்கள் உங்கள் முன்னால் சுருதி விலகிப் பாடப்போவதில்லை. அறிவு உங்களுக்கு நிறைய இருக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ட்ரம்பெட் வரும் இடத்தை விளக்கியபோது நீங்கள் இசையைப் பகிர்ந்துகொள்ளவில்லை, பாடம் எடுத்தீர்கள். பாடம் பிடிக்காதவர் எழுந்து போகிறார். அதைவைத்து அவர் மனம் மூடியது என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர் உலகம் சிறியது என்ற முடிவுக்கு வருவதற்கு முன், அந்தப் பாட்டுகளில் ஒன்றையாவது அவரோடு உட்கார்ந்து முழுதாகக் கேட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

அவரைப் பழக்க என்னிடம் வழி கேட்காதீர்கள். ஒரு நாள் அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடச் சொல்லிக் கேளுங்கள். என்ன ராகம், யார் வாசித்தது என்றெல்லாம் வேண்டாம். அதை முதலில் எங்கே கேட்டார், அப்போது கூட யார் இருந்தார்கள் என்று விசாரியுங்கள், போதும். சுருதி திருத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். உடனே பாட ஆரம்பித்துவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள், நாளாகலாம். பாடினால் "நன்றாக இருக்கிறது" என்றுகூடச் சொல்ல வேண்டாம். அதுவும் மார்க் போடுவதுதான்.