பழைய ஸ்கஸி கருவிகளும் புதிய கணினியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என்னிடம் ஒரு ஸ்கஸி ஸ்கேனரும், வெளியே வைத்து இயக்கும் ஸ்கஸி ஹார்ட் டிஸ்க் ஒன்றும் உள்ளன. புதிய கணினியில் யுஎஸ்பி தவிர வேறு வழி இல்லை. யுஎஸ்பி–ஸ்கஸி அடாப்டர் ஒன்று வாங்கிவிட்டால் இரண்டும் இயங்குமா?

பதில்: யுஎஸ்பி பரவுவதற்கு முன் ஸ்கேனர், டிஸ்க் போன்ற கருவிகளைக் கணினியோடு இணைக்கப் பயன்பட்ட முறையே ஸ்கஸி. அடாப்டரை நம்பிப் பணம் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த அடாப்டர் ஒரு முனையை மற்றொரு முனையாக மாற்றித்தரும் வெறும் கேபிள் அன்று. அதனுள் இருக்கும் சிப் ஒன்று, கணினி அனுப்பும் கட்டளைகளை ஸ்கஸி கருவிக்கு உரிய மின்குறிகளாக மாற்றித்தர வேண்டும். அந்தச் சிப்பை இயக்கத் தனியாக ஒரு டிரைவர் மென்பொருளும் வேண்டும். இவ்வகை அடாப்டர்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 98 முதல் எக்ஸ்பி வரையிலான காலத்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றோடு வந்த டிரைவர்கள் 32 பிட் வகையைச் சேர்ந்தவை என்பதால், இன்றைய 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்றவே ஏற்றாது. லினக்ஸ் இவற்றுள் சிலவற்றை அடையாளம் காண்கிறது. ஆனால் உங்கள் கைக்கு வரும் அடாப்டர் அந்தச் சிலவற்றுள் ஒன்றா என்பது வாங்கிய பிறகுதான் தெரியவரும்.

மேசைக் கணினியாக இருந்தால், அதனுள் கூடுதல் கார்டுகளுக்காக உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் பொருத்தும் ஸ்கஸி கார்டே நம்பகமான வழி. அடாப்டெக் 29320எல்பிஇ, எல்எஸ்ஐ 20320ஐஇ ஆகிய இரண்டும் அவ்வாறானவை. இரண்டையும் லினக்ஸ் தனி டிரைவர் ஏதும் கேட்காமலேயே அறிந்துகொள்ளும். இவை நொடிக்கு 320 மெகாபைட் வேகம் வரை செல்லும் அல்ட்ரா320 வகைக் கார்டுகள் என்றாலும், 1986-இல் தரப்படுத்தப்பட்ட, நொடிக்கு 5 மெகாபைட் அளவே கடத்தும் முதல் தலைமுறைக் கருவியோடும் அதன் வேகத்துக்கு இறங்கிவந்து பேசும். மடிக்கணினி மட்டுமே உள்ளவர்கள், பிசிஐ ஸ்லாட் உள்ள ஒரு பழைய கணினியைத் தேடிப்பிடித்து, ஸ்கஸி வேலையை அதில் முடித்து, கோப்புகளை நெட்வொர்க் வழியாக மாற்றிக்கொள்வது நல்லது. பார்ப்பதற்குச் சுற்றுவழியாகத் தோன்றினாலும், பெரும்பாலும் இதுவே விரைவில் முடியும் வழி.

எதையும் வாங்கும் முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். ஸ்கேனரைப் பொறுத்தவரை உங்களுக்கு அந்தக் கருவியே தொடர்ந்து வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை அதில் உள்ள கோப்புகள்தாம் வேண்டும், கருவி வேண்டியதில்லை. கோப்புகளை ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் போதும் என்பதால், ஸ்கஸி உள்ள பழைய கணினி ஒன்றை யாரிடமாவது ஒரு வாரம் இரவல் வாங்கினாலும் காரியம் முடிந்துவிடும்.

கேள்வி: சர்வரில் இருந்து கழற்றிய எஸ்ஏஎஸ் (சீரியல் அட்டாச்ட் ஸ்கஸி) கார்டு ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதன் விரிவுப் பெயரில் ஸ்கஸி என்ற சொல் இருக்கிறது. பழைய கருவியை இணைக்க ஏதாவது கேபிள் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இரண்டும் ஒரே கட்டளை மொழியைப் பேசினாலும், பழைய ஸ்கஸி ஒரே சமயத்தில் 8 அல்லது 16 தரவுக் கம்பிகளில் குறிகளை அனுப்புவது. எஸ்ஏஎஸ் அவற்றை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவது. கேபிளால் இணைக்கக்கூடிய வேறுபாடு அன்று அது. உங்கள் யுஎஸ்பி பென் டிரைவும் உள்ளுக்குள் ஸ்கஸி கட்டளைகளைத்தான் கேட்டு நடக்கிறது. அதற்காக அதை ஸ்கஸி கேபிளில் செருகிவிட முடியாதல்லவா?

கேள்வி: கார்டைப் பொருத்திவிட்டேன். ஸ்கேனர் சில நாட்கள் தெரிகிறது, சில நாட்கள் தெரிவதில்லை. ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து இணைத்தால் கணினியே உறைந்துவிடுகிறது. கருவி பழுதாகிவிட்டதா?

பதில்: கருவியைக் குறைசொல்லும் முன் டெர்மினேட்டரைப் பாருங்கள். இவ்வகைப் புகார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதுதான்.

ஸ்கஸி கருவிகள் அனைத்தும் ஒரே தடத்தில், சங்கிலிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படுகின்றன. அந்தத் தடத்தின் முனை வெறுமனே விடப்பட்டால், அங்கு சென்று சேரும் மின்குறி மலையில் மோதிய குரல்போலத் திரும்பி வந்து, அடுத்து வரும் குறியோடு கலந்து அதைக் கெடுத்துவிடும். அவ்வாறு திரும்பாமல் முனையிலேயே உறிஞ்சிக்கொள்வதற்கான மின்தடைத் தொகுதியே டெர்மினேட்டர். சங்கிலியின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று இருக்க வேண்டும். நடுவில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உங்கள் அமைப்பில் கார்டு ஒரு முனை என்றால், அதன் டெர்மினேஷன் இயங்க வேண்டும். கடைசியில் உள்ள கருவியில் மற்றொன்று இருக்க வேண்டும். இடையில் உள்ள கருவியின் டெர்மினேஷன் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். கணினிக்குள் ஒரு டிஸ்க்கும் வெளியே ஒரு ஸ்கேனரும் இணைந்திருந்தால் கார்டே நடுவில் வந்துவிடுகிறது. அப்போது அதன் டெர்மினேஷனையும் நீக்க வேண்டும். டெர்மினேட்டர் வாங்கும்போது ஆக்டிவ், பாஸிவ் என்ற இரு வகைகளில் ஆக்டிவ் வகையையே தேர்ந்தெடுங்கள். சில நாட்கள் மட்டும் வேலை செய்வது என்ற உங்கள் விவரிப்பு, டெர்மினேஷன் அரைகுறையாக இருப்பதன் வழக்கமான அறிகுறி.

அடுத்தது, சங்கிலியில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் ஐடி எண். 8 பிட் சங்கிலியில் 0 முதல் 7 வரை எட்டு எண்கள் உண்டு. அவற்றில் 7 வழக்கமாகக் கார்டுக்கு உரியது. எந்த இரு கருவிகளுக்கும் ஒரே எண் இருக்கக் கூடாது. ஒரே கருவி எல்லா எண்களிலும் இருப்பதாகக் கணினி காட்டினால், அந்தக் கருவிக்குக் கார்டின் எண்ணையே கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். ஸிப் டிரைவ் (கழற்றி மாற்றும் டிஸ்க்குகளைப் படிக்கும் பழைய கருவி) வைத்திருப்பவர்கள் அதில் 5, 6 என்ற இரண்டே எண்களுக்குத்தான் சுவிட்ச் உண்டு என்பதை நினைவில் வைத்து மற்றவற்றுக்கு எண் கொடுக்க வேண்டும்.

68 பின் கார்டில் 50 பின் கருவியை இணைக்கும் மாற்றி வாங்கும்போது, பயன்படாமல் நிற்கும் மேல் 8 தரவுக் கம்பிகளையும் டெர்மினேட் செய்யும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். கேபிளின் நீளமும் முக்கியம். பழைய வகைக் கருவிகளுக்கு நொடிக்கு 5 மெகாபைட் வேகத்தில் மொத்தம் 6 மீட்டரும், 10 மெகாபைட் வேகத்தில் 3 மீட்டரும் வரம்பு. கருவிப் பெட்டிக்குள் ஓடும் கம்பியும் இந்தக் கணக்கில் சேரும். கருவிகளை முதலில் இயக்கிவிட்டுக் கணினியைப் பிறகு இயக்குங்கள். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைச் செருகவோ பிடுங்கவோ கூடாது.

ஆபத்தான விதிவிலக்கு ஒன்று உண்டு. கருவியின் பின்புறம் எச்விடி (HVD) என்றோ டிஃப் (DIFF) என்றோ அச்சிட்டிருந்தால், அதை மேலே சொன்ன கார்டுகளில் இணைக்கவே கூடாது. மின் அழுத்த முறை அடியோடு வேறானது; கருவியோ கார்டோ கருகிப்போகக்கூடும். வீட்டு ஸ்கேனர்களில் இது இருப்பதில்லை. பழைய சர்வர்களின் டேப் டிரைவ்களில்தான் எச்சரிக்கை தேவை.

கேள்வி: டிஸ்க் தெரிகிறது. ஆனால் விண்டோஸ் அதை இனிஷியலைஸ் செய்யச் சொல்கிறது. செய்யலாமா?

பதில்: கூடாது. அதற்கு உடன்பட்டால் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் புதிய தகவல் எழுதப்படும். பழைய பகுப்பு விவரம் அழிந்துபோகலாம். அந்த டிஸ்க் ஒருவேளை பழைய மேக்கின்டாஷில் இருந்து வந்ததாக இருக்கும். எச்எஃப்எஸ் என்ற அதன் கோப்பு முறையை விண்டோஸ் அறியாது. மேக் இயங்குதளமேகூடக் கேட்டலினா பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்னும் நிரலால் டிஸ்க் முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக நகலெடுத்துவிட்டு, அந்த நகலிலிருந்து நிதானமாகக் கோப்புகளைப் பிரித்தெடுங்கள். பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த டிஸ்க் மறுமுறை சுழலும் என்று சொல்ல முடியாது. ஆகையால் முதல் ஓட்டத்திலேயே முழு நகலும் எடுக்க முயலுங்கள். கணினியே இல்லாமலும் இதைச் செய்யலாம். ப்ளூஸ்கஸி, ஸூலுஸ்கஸி என்னும் சிறு போர்டுகள் பழைய கணினிகளுக்கு எஸ்டி கார்டை ஸ்கஸி டிஸ்க்காகக் காட்டுவதற்காக உருவானவை. இவற்றின் அண்மைக்கால மாதிரிகள் சில, தாமே கணினியின் இடத்தில் இருந்து பழைய டிஸ்க்கைப் படித்து எஸ்டி கார்டில் நகலெடுத்துவிடும். டிஸ்க்குகள் மட்டுமே உள்ளவர்களுக்குக் கார்டு வாங்குவதைவிட நான் இதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: விண்டோஸில் ஸ்கேனரின் பெயர் சரியாகவே வருகிறது. ஆனால் அதோடு வந்த மென்பொருள் ஸ்கேனர் இல்லை என்கிறது.

பதில்: அந்த மென்பொருள் ஆஸ்பி என்ற இடைநிலை அடுக்கின் வழியாகத் தேடுகிறது. விண்டோஸ் 95, 98 ஆகியவற்றோடு அது சேர்ந்தே வந்தது. எக்ஸ்பி முதலியவற்றில் இல்லை. பழைய மென்பொருளோடு மல்லாடுவதை விட்டுவிட்டு, விண்டோஸில் வியூஸ்கேன் (VueScan), லினக்ஸில் சேன் (SANE) ஆகிய ஸ்கேனர் மென்பொருள்களை முயன்று பாருங்கள். எச்பி ஸ்கேன்ஜெட் 4சி போன்ற பல பழைய ஸ்கேனர்களைச் சேன் இன்றும் ஆதரிக்கிறது. உங்கள் ஸ்கேனரின் மாதிரி எண் இவற்றின் ஆதரவுப் பட்டியலில் உள்ளதா என்பதைக் கார்டு வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: ஸ்கேனரின் 25 பின் கேபிள், பழைய கணினியின் பிரிண்டர் துளையில் அப்படியே பொருந்துகிறது. கார்டு இல்லாமல் அதிலேயே செருகலாமா?

பதில்: செருக வேண்டாம். துளையின் வடிவம் ஒன்று. உள்ளே கம்பிகளின் வேலை வேறு. ஸிப் டிரைவிலும் சில ஸ்கேனர்களிலும் பிரிண்டர் துளைக்கான வகை, ஸ்கஸி வகை என இரண்டும் ஒரே தோற்றத்தில் வந்தன. கருவியில் ஐடி எண் சுவிட்ச் இருந்தால் அது ஸ்கஸி வகை.